போர்டு எழுதிய கை சிலைகளை வரைகிறது!

ஞாயிற்றுக்கிழமை காலை மணி பத்தரை. மும்பை காலா கோடாவில், சத்ரபதி சிவாஜி மகாராஜ் மியூசியத்தின் டிக்கெட் ஜன்னல் முன் நீண்ட வரிசை. வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள், சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள், தண்ணீர் பாட்டிலும் கையுமாக இரண்டு வெளிநாட்டுக்காரர்கள். இவர்களுக்கு நடுவே ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, தோளில் துணிப்பை. பைக்குள் என்ன? ஒரு டிராயிங் நோட்டு, நாலு பென்சில், ஒரு ரப்பர், பேப்பரில் சுற்றிய இரண்டு சப்பாத்தி.

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் இரண்டு மணி நேரத்தில் மாடி, கீழ்த்தளம் என்று சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். பெரியவர் மட்டும் ஒரே ஒரு கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பகல் ஒரு மணிக்கும் அங்கேயேதான்!

"அய்யா, எந்த ஊர்?" என்று இந்தியில் கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "திருநெல்வேலிப் பக்கம்" என்று தமிழிலேயே பதில் சொன்னார். அன்று முதல் அவர் எனக்கு அண்ணாச்சி. நான் அவருக்குத் தம்பி. பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்றதும் ஒரே நிபந்தனை போட்டார்: "எம் பேரு வேண்டாம். மியூசியத்துக்குப் போறேன்னு தெரிஞ்சா, கிழவனுக்கு வேற வேலையில்லையான்னு தெருவிலே சிரிப்பானுவ."

என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். நான் ரெயில்வேயில் குமாஸ்தா. படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. பதினோரு வருடமாக அந்த மியூசிய வாசலைக் கடந்து போயிருக்கிறேன். உள்ளே கால் வைத்ததில்லை. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று எழுதத்தான் அன்று முதன்முறையாக டிக்கெட் வாங்கினேன்.

'ரு' எழுதும்போது கை ஆடியது

அண்ணாச்சி 1974-ம் ஆண்டு, பதினேழு வயதில், மதராசில் வண்டி மாறித் தாதரில் வந்து இறங்கியவர். தாராவியில் ஒரு போர்டு எழுதும் கடையில் பெயிண்ட் டப்பா கழுவும் வேலை. மூன்று வருடம் கழித்துத்தான் கையில் பிரஷ் கிடைத்தது. அதன் பிறகு முப்பது வருடம் அவர் எழுதாத போர்டு இல்லை. அரிசி மண்டி, தையல் கடை, இட்லி மாவுக் கடை, கட்சித் தட்டி, கோவில் கொடைத் தட்டி, கணபதி மண்டலுக்கு மராத்தி, டாக்டர் வீட்டு வாசலுக்கு இங்கிலீஷ். மூன்று எழுத்தும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"நாகரி எழுத்துக்குத் தலையிலே கோடு உண்டு. கோட்டை நேரா இழுத்துட்டா எழுத்து தொங்கிக்கும். நம்ம தமிழுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் தன் காலிலே தானே நிக்கணும்" என்கிறார்.

2000-க்குப் பிறகு பிளெக்ஸ் வந்தது. அவர் மூன்று நாள் உட்கார்ந்து எழுதுவதை மெஷின் மூன்று மணி நேரத்தில் துப்பிவிட்டது. கடைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியில் லாரிக்கும் டெம்போவுக்கும் நம்பர் எழுதும் வேலைதான் மிச்சம். அதுவும் போனது. இப்போது சயானில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் இரவுக் காவலாளி. வாரம் ஒரு நாள் விடுமுறை.

"2016-லே தெரிஞ்ச பையன் டெம்போ வாங்கினான். 'முருகன் துணை' எழுதிக் குடுங்க அண்ணாச்சின்னு கேட்டான். ஆசையாப் போனேன். 'மு' வந்துட்டு. 'ரு' போடும்போது கை ஆடிச்சு தம்பி. வழிச்சு எடுத்துட்டு மறுபடி போட்டேன். மறுபடி ஆடிச்சு. பையன் ஒண்ணும் சொல்லலே. எனக்குத்தான் அன்னைக்குச் சோறு இறங்கலே."

அந்த வருடமே, அவர் காவல் காக்கும் கட்டிடத்துப் பிள்ளைகள் மியூசியம் பார்க்கப் போனார்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்று அண்ணாச்சியை அனுப்பினார்கள். அங்கே கல்லூரிப் பையன்களும் பெண்களும் தரையில் உட்கார்ந்து சிலைகளைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். யாரும் விரட்டவில்லை. 'நாமும் வரைந்தால் என்ன?' என்று தோன்றியது. மறு வாரமே நோட்டு வாங்கினார்.

இதுவரை பதினான்கு நோட்டுகள் தீர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி. கீழே ஒரு வரி: "இடது கை தப்பு", "கூட்டம் அதிகம்", "காய்ச்சல், ஆனாலும் வந்தேன்". ஒரு பக்கத்தில் படமே இல்லை, "இன்று ஒன்றும் வரவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறது!

குர்லா கல், மாலாட் கல்

இந்த மியூசியத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1905-ல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டிடக் கலைஞர் ஜார்ஜ் விட்டெட். கருமையான கல் குர்லாவிலிருந்தும், மஞ்சள் பாய்ந்த கல் மாலாடிலிருந்தும் வந்தது. (தினமும் அந்த இரண்டு ஸ்டேஷன் பெயரையும் ஒலிபெருக்கியில் கேட்கிறோம். அவை கல் வெட்டிய ஊர்கள் என்று யாருக்குத் தெரியும்?) கட்டி முடித்த பிறகு முதல் உலகப்போர்க் காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியாக இருந்தது. 1922-ம் ஆண்டு ஜனவரியில் மியூசியமாகத் திறந்தார்கள். வேல்ஸ் இளவரசர் பெயரில் இருந்தது 1998-ல் சிவாஜி மகாராஜ் பெயருக்கு மாறியது.

அண்ணாச்சி அதிகம் நிற்பது பிரம்மா முன்னால். கர்நாடகத்தில் ஐஹொளே என்ற ஊரில் சாளுக்கியர் காலத்துக் கோவில் ஒன்றின் கூரையில் பதித்திருந்த பலகை அது. ஏழாம் நூற்றாண்டு வேலை. கோவிலில் இருந்தவரை கழுத்தை அண்ணாந்துதான் பார்த்திருப்பார்கள். இங்கே எதிரே நின்று பார்க்கலாம். இதை வரைந்தவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் உறைக்கும் என்பது அண்ணாச்சியின் கட்சி. "செஞ்சவன் தரையிலே வெச்சுச் செஞ்சான். பாத்தவன் கீழே இருந்து பாத்தான். நான் நேரா நின்னு பாக்குதேன். கல்லு ஒண்ணுதான், பார்வை மூணு."

முப்பத்தோரு முறை அந்த பிரம்மாவை வரைந்திருக்கிறார். போட்ட படத்தையே திரும்பப் போடுவது சலிக்காதா என்று கேட்டேன். "ஒரே 'அ'வை முப்பது வருசம் எழுதினேனே, சலிச்சுதா?" என்று திருப்பிக் கேட்டார்.

ஓட்டையை வரையுங்கள்!

அவர் வரையும் முறையை வாசகர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நான் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டது இது.

நோட்டைத் திறந்ததும் பென்சிலை எடுப்பதில்லை. பத்து நிமிடம் சும்மா நிற்கிறார். சிலையின் கனம் எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்கிறார். பிறகு தலை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரே ஒரு மெல்லிய கோடு. நின்ற கோலச் சிலைகள் பல தலை, இடை, முழங்கால் என்று மூன்று இடத்தில் வளைந்திருக்கும். "இங்கிலீஷ் 'எஸ்' எழுத்தை இழுத்து நீட்டின மாதிரி. இந்த வளைவு தப்பிட்டா, பொறவு கண்ணு மூக்கு எவ்வளவு நல்லாப் போட்டாலும் ஆளு விழுந்துருவான்."

அடுத்தது அளவு. கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைச் சிலையின் நெற்றிக்கும், கட்டை விரல் நகத்தைத் தாடைக்கும் வைக்கிறார். அந்த முகத்தின் நீளம்தான் முழக்கோல். மார்பு வரை எத்தனை முகம், தொப்புள் வரை எத்தனை முகம் என்று இறங்கிக்கொண்டே வருகிறார். நம் ஊர் ஸ்தபதிகள் கணக்கும் இதுதானே! முக நீளத்தை ஒரு தாளம் என்பார்கள். ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். நவதாளச் சிலை என்றால் ஒன்பது முகம், அதாவது 108 அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் ஸ்கேலில் உள்ள இஞ்ச் அல்ல, அந்தந்தச் சிலைக்குள்ளேயே பிறக்கும் அளவு. அண்ணாச்சி சிற்ப சாஸ்திரம் படித்தவர் அல்ல. பென்சிலை நீட்டி நீட்டியே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்.

மூன்றாவதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. சிலையின் கையை அவர் வரைவதில்லை. கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் ஓட்டையை வரைகிறார்! "கை எப்படி இருக்கும்னு உம்ம மனசுக்கு முன்னமே தெரியும். அதனாலே கண்ணு சோம்பேறி ஆயிரும், கல்லைப் பாக்காம மனசிலே உள்ள கையைப் போட்டுரும். ஓட்டை எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? பாத்துத்தான் ஆகணும். ஓட்டை சரியா விழுந்துட்டா கை தன்னாலே வந்துரும். 'ழ'வுக்கு உள்ளே இருக்கிற வெள்ளையைச் சரியா விட்டாத்தானே 'ழ' நிக்கும்?"

நிழல் கடைசி. ரப்பரை அநேகமாகத் தொடுவதில்லை. தப்பான கோட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் சரியான கோட்டைப் போடுகிறார். தப்பு கண் முன்னால் இருந்தால்தான் அடுத்த முறை அதே இடத்தில் கை தானாகவே ஜாக்கிரதையாகுமாம்.

பெயிண்ட், பேனா மை எல்லாம் கிடையாது. பெரும்பாலான மியூசியங்களில் பென்சிலுக்கு மட்டுமே அனுமதி. மை தெறித்தால் கல்லும் துணியும் என்ன ஆவது? கண்ணாடிப் பெட்டியில் சாயக்கூடாது, வழியை மறிக்கக்கூடாது. காவலர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அனுபவம் கிடைப்பதில்லை. வேறொரு ஊர் மியூசியத்தில் (எந்த ஊர் என்று சொல்ல அண்ணாச்சி மறுக்கிறார்) காவலர் ஒருவர் நோட்டைப் பிடுங்கி, "போட்டோ எடுத்துக்கொண்டு போ, இதென்ன கிறுக்கல்?" என்று வெளியே அனுப்பிவிட்டாராம். போட்டோ எடுக்க விடுகிறார்கள், வரைய விடமாட்டேன் என்கிறார்கள். இது என்ன நியாயம் என்று எனக்கும் புரியவில்லை.

நேராகப் பார்க்கும் கண்

நான் ஒரு ஞாயிறு நோட்டும் பென்சிலுமாகப் போனேன். அண்ணாச்சி என்னை பிரம்மாவிடம் விடவில்லை. "முழுச் சிலை வேண்டாம். ஒரு அடி நகர்ந்தா உருவம் மாறிரும், திணறிப் போவிய. பலகையிலே தட்டையாச் செதுக்கினதை முதல்ல போடுங்க" என்று அசீரிய நாட்டுக் கற்பலகை முன்னால் நிறுத்தினார். சிறகு முளைத்த ஒரு தேவதை. தாடி முழுக்கச் சுருள் சுருளாக, எண்ணி வைத்தது போல. இன்றைய ஈராக்கில் நிம்ருத் என்ற இடத்தில், இரண்டாம் அசுர்நசிர்பால் என்ற மன்னன் கி.மு. 9-ம் நூற்றாண்டில் கட்டிய அரண்மனைச் சுவரைச் சேர்ந்தது.

ஒரு மணி நேரம் போராடினேன். எங்கள் ஆபீஸ் பெரியவர் ஒருவர் சிறகு கட்டிக்கொண்டு கோபமாக நிற்பது போல வந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணாச்சியின் அடுத்த வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு. அவளும் அதே பலகையைத்தான் வரைந்துகொண்டிருந்தாள்.

"மாமா, முகம் பக்கவாட்டிலே இருக்கு. ஆனா கண்ணு மட்டும் நம்மளை நேராப் பாக்குது. நீங்க கண்ணையும் பக்கவாட்டிலே போட்டிருக்கீங்க" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான்! ஒரு மணி நேரமாக அந்த முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவில்லை. அந்தக் காலத்து அசீரியச் சிற்பிகளின் வழக்கமே அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது, அது மனதை என்னவோ செய்தது. அந்தப் பலகைகள் நின்ற நிம்ருத் அரண்மனையை 2015-ல் தீவிரவாதிகள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஏறத்தாழ 2,900 வருடம் நின்ற சுவர்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தோண்டி எடுத்த பல பலகைகள் பாஸ்ராவில் கப்பலேறி, பம்பாய் வழியாகத்தான் லண்டனுக்குப் போயின. மும்பையில் இருப்பவை இன்று இங்கே பத்திரமாக இருக்கின்றன. நான் ஆபீஸ் பெரியவர் போல வரைந்து வைத்திருப்பது அந்த அரண்மனையில் மிஞ்சிய ஒரு துண்டைத்தான்.

அந்தச் சிறுமி வருவதற்குக் காரணம் உண்டு. மராட்டிய அரசு நடத்தும் டிராயிங் தேர்வுகள் இரண்டு, எலிமெண்டரி என்றும் இண்டர்மீடியட் என்றும். தேறினால் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். அதில் நினைவிலிருந்து வரைவதும் ஒரு பாடம். அண்ணாச்சி அவளுக்குக் கொடுக்கும் பயிற்சி எளிமையானது. சிலையை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும், முதுகைத் திருப்பிக்கொண்டு வரைய வேண்டும், திரும்பிப் பார்த்துத் தப்பை எண்ண வேண்டும். "ஏட்டி, எத்தனை?" "ஏழு தாத்தா." "போன வாரம்?" "பதினொண்ணு."

அவளுடைய தாயார் வெளியே தோட்டத்து நிழலில் உட்கார்ந்திருப்பார். விடிய மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து விற்கிறவர், ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. "படம் போட்டு என்ன ஆகப் போகுதுன்னு எங்க வீட்டுக்காரருக்குக் கோவம். மார்க்கு கூடும்னு சொல்லித்தான் கூட்டியாறேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "நானும் ஒரு நாள் உள்ளே போய்ப் பாத்தேன். அந்த பிரம்மாவுக்கு எவ்வளவு நகை!" என்றார்.

எரிந்துபோன நகல்கள்

பழைய கலையைப் பார்த்து வரைந்து கை பழகுவது புதிதல்ல. பாரீஸ் நகரத்தில் லூவர் மியூசியத்தை 1793-ல் திறந்தபோது, பத்து நாளில் பெரும்பகுதியை ஓவியர்கள் வரைவதற்கே ஒதுக்கினார்கள். பொதுமக்களுக்கு மூன்று நாள்தான்! இன்றும் அங்கே அனுமதி பெற்று நகல் எடுக்கலாம். நகல் மூலத்தின் அளவிலேயே இருக்கக்கூடாது என்பது விதி. செசான் போன்ற மேதைகூட வயதான பிறகும் நோட்டுடன் அங்கே போய்ச் சிலைகளை வரைந்துகொண்டிருந்தார்.

அவ்வளவு தூரம் ஏன்? வி.டி. ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, 1857-ல் தொடங்கிய ஜே.ஜே. கலைப்பள்ளி. அதன் தலைவர் ஜான் கிரிபித்ஸ் 1872 முதல் மாணவர்களை அஜந்தா குகைகளுக்கு அழைத்துப் போய் ஓவியங்களை நகல் எடுத்தார். 1885 வரை அந்த வேலை நடந்தது. அவருக்கு முன்னால் 1844 முதல் ராபர்ட் கில் என்ற ராணுவ அதிகாரி அதே வேலையைத் தனியாகச் செய்தார். என்ன கொடுமை பாருங்கள்! கில் வரைந்தவற்றில் பெரும்பாலானவை 1866-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் சாம்பல். கிரிபித்சும் மாணவர்களும் வரைந்தவற்றில் பல 1885-ல் லண்டனிலேயே இன்னொரு தீயில் போயின.

ஆனால் அந்தப் பள்ளியில் பழகிய கைகளின் வேலை ஒன்று எரியாமல் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. 1888-ல் கட்டி முடித்த வி.டி. கட்டிடத்தின் அலங்கார வேலைகளில் அந்தப் பள்ளி மாணவர்களுக்குப் பங்கு உண்டு. மயிலும் குரங்கும் இலையும் கொடியுமாகக் கல்லில் இருப்பதை, 8.12 லோக்கலைப் பிடிக்க ஓடும்போது யார் நிமிர்ந்து பார்க்கிறோம்? நானே இந்த வருடம்தான் பார்த்தேன். வேலையில் சேர்ந்தபோதே பார்த்திருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவோ வரைந்திருக்கலாம்.

தமிழ் வாசகர்களுக்கு 'சில்பி'யை நினைவிருக்கும். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் கோவில் சிற்பங்களை நேரில் போய் வரைந்தவர். அண்ணாச்சி சிறுவனாக இருந்தபோது அவருடைய வாத்தியார் அந்தப் பக்கங்களைக் கிழித்துக் கோர்த்து வைத்திருந்தாராம். "அதைப் பாத்துத்தான் சிலேட்டிலே முதல்ல யானை போட்டேன்" என்கிறார்.

யானை என்றதும் நினைவு வருகிறது. டிக்கெட்டுக்குப் பணம் இல்லாத மாதங்களில் அவர் பைகுல்லா ராணி பாக் பக்கம் போய்விடுவார். அங்கே பாவு தாஜி லாட் மியூசியத்தின் வெளியே ஒரு கல் யானை நிற்கிறது. கடலுக்கு அக்கரையில் உள்ள காராபுரித் தீவுக்கு 'எலிபண்டா' என்று பெயர் வரக் காரணமே இந்த யானைதான். 1864-ல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது உடைந்து விழுந்தது. பிறகு துண்டுகளை ஒட்டி நிறுத்தினார்கள். அண்ணாச்சி யானையைவிட ஒட்டுப்போட்ட தடங்களைத்தான் கவனமாக வரைந்திருக்கிறார். அந்தப் பக்கத்துக்குக் கீழே எழுதியிருப்பது: "நல்ல ஒட்டு".

நோட்டு வெள்ளை

மே மாதம் அண்ணாச்சியின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். இடது கண்ணிலும் கொஞ்சம் உண்டு. வெளியே தைரியமாகப் பேசினாலும் உள்ளே பயம். "கை ஆடினப்போ கண்ணு இருந்துச்சு. கண்ணும் போயிட்டா?" என்று ஒரு தடவை கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? எங்கள் ஆபீசில் இரண்டு பேருக்கு இதே ஆபரேஷன் நடந்து நன்றாக இருக்கிறார்கள் என்றேன். அது நிஜம்தான்.

ஆபரேஷனுக்கு முந்திய ஞாயிறு மெகா பிளாக். லோக்கல் வண்டிகள் தாறுமாறு. இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். அன்று பிரம்மாவை வரையவில்லை. பரேல் சிவன் முன்னால் நின்றார். 1931-ல் பரேலில் ரோடு போடத் தோண்டியபோது கிடைத்த பெரிய கல். மூலம் பரேலிலேயே கோவிலில் இருக்கிறது, மியூசியத்தில் இருப்பது சுண்ணச் சாந்தில் எடுத்த அச்சு. ஒரு சிவன். அவர் தோளுக்கு மேலே இன்னொருவர் கிளம்புகிறார், அவருக்கு மேலே மற்றொருவர். பக்கத்துக்கு இரண்டு பேராகச் சாய்ந்து எழும்புகிறார்கள். ஆக ஏழு பேர். காலடியில் பூதகணங்கள் வாத்தியம் வாசிக்கின்றன. அண்ணாச்சி நாலு மணி நேரம் நின்று ஏழு உருவத்தையும் முடித்தார். கீழே தேதி மட்டும் போட்டார், குறிப்பு எழுதவில்லை.

அதன் பிறகு ஏழு வாரம் அவர் வரவில்லை. குனியக்கூடாது, தூசியில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மழையும் பிடித்துக்கொண்டது. அந்த ஞாயிறுகளில் நான் தனியாகப் போய் அசீரியத் தேவதையோடு மல்லுக்கட்டினேன். மூன்றாவது வாரம் கண் சரியாக வந்தது. தாடி இன்னும் வரவில்லை.

ஜூலைக் கடைசியில் வந்தார். கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் அந்தச் சிறுமி. நேரே பிரம்மாவிடம் போனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வழக்கம்போல் பத்து நிமிடம் நின்றார். பிறகு பையிலிருந்து பழைய நோட்டை எடுத்துத் திறந்தவர், பக்கத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"நோட்டு வெள்ளையா இருக்கு தம்பி."

எனக்கு விளங்கவில்லை.

"பழுப்பு நோட்டைக் குடுத்துட்டான்னு அந்தக் கடைக்காரன்கிட்ட நாலு வருசமாச் சண்டை போட்டுட்டு இருக்கேன். நோட்டு வெள்ளையாத்தான் இருந்திருக்கு. எங்கண்ணுதான் பழுப்பு." இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார், பிறகு வலது கண்ணை மூடி இடது கண்ணால். இரண்டு மூன்று தடவை அப்படியே செய்தார். சிறுமியும் அவரைப் போலவே ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாள்.

பிறகு பிரம்மாவின் பக்கம் நெருங்கினார். நகைக்குக் கீழே மார்பில் நிழல் என்று அவர் இத்தனை நாளும் அழுத்தி அழுத்திப் போட்டுவந்த இடம் அவ்வளவு இருட்டாக இல்லையாம். முன்பு மழுமழுவென்று தெரிந்த ஒரு மூலையில் இப்போது நுணுக்கமான கோடுகள் தெரிகின்றனவாம். "அப்போ முப்பத்தோரு தடவையும் நான் பாதியைத்தான் பாத்திருக்கேன்!" அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா, சந்தோஷமா? என்னால் சொல்ல முடியவில்லை.

புதுப் பக்கத்தைத் திருப்பினார். தலை உச்சியிலிருந்து ஒரு கோடு இறங்கியது. நடுவில் ஒரு இடத்தில் கை ஆடியது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். அழிக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டார்.

"ஏட்டி, பென்சிலைச் சீவிக் குடு" என்றார். பகல் மணி பன்னிரண்டு. வெளியே நல்ல மழை.